எண்ணெய்த் தொட்டி

பெரம்பலூருக்கு வடக்கே நெடுஞ்சாலையோரம் நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையின் அகழியே எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அறிந்த பெருநீர். கிணற்று மேடுகளில் டீசல் எஞ்சின் வைத்துப் பருத்திக்கு நீர் இறைத்த காலத்தில், அவற்றைப் பிரித்துப் பூட்டிப் பழகியவன் நான். தங்கையைத் தொண்டியில் கட்டிக்கொடுத்த பின்னரே, அதே எஞ்சின் பாய்மர வள்ளத்திலும் ஏறியிருப்பதைக் கண்டேன்.

"மச்சான், இந்தத் தொட்டியைக் கீழே இறக்கித் தர வேண்டும்" என்றார் தங்கை கணவர். தங்கை மகனும் அவரோடு கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தான்.

கிணற்று மேட்டில் தொட்டி எஞ்சினுக்கு மேலே இருப்பதே முறை. டீசல் தன் எடையாலேயே இறங்கிவரும். ஆனால் கிணற்று மேடு சாய்வதில்லை. நாற்பது லிட்டர் டீசல் ஏறக்குறைய 34 கிலோ. அச்சுமை உயரத்தில் நின்றால், காற்று பாயை அழுத்துந்தோறும் வள்ளத்தின் சாய்வைக் கூட்டும். பாதி நிறைந்த தொட்டி இன்னும் கொடியது: வள்ளம் சாயும் பக்கமே டீசலும் ஓடும். வள்ளம் நிலைத்து நிற்க மணல் மூட்டைகளை அடியில் அடுக்கும் அம்மக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இடம் மாற்றும் வழிதான் தெரியவேண்டியிருந்தது.

தொட்டியை வள்ளத்தின் நடுவில், அடித்தளத்தை ஒட்டி இறக்கினோம். அடியில் தேங்கும் உப்புநீர் தகரத்தை அரிக்குமாதலால், மரக்கட்டைகள் மேல் தூக்கி வைத்து, அலையில் நகராதபடி பட்டை போட்டு இறுக்கினோம். டீசல் ஒரேயடியாகப் பாயாதிருக்க உள்ளே துளையிட்ட இரண்டு தடுப்புத் தகடுகள். உறிஞ்சு குழாய் நட்டநடுவில். காற்றுக் குழாயோ அலைநீர் புகாத உயரத்தில். அடியில் சேரும் நீரை வடிக்க ஒரு திருகும் வைத்தோம். டீசலில் நீர் கலப்பது கடலோரத்தில் அன்றாடத் தொல்லை.

எஞ்சியது ஒரு சிக்கல். அச்சிறு எஞ்சினில் கீழிருந்து டீசலை உறிஞ்சும் பம்பு இல்லை. ஆகவே மேலே மூன்று லிட்டர் கொள்ளும் சிறு தொட்டியொன்றை மட்டும் வைத்து, கைப்பம்பால் அதை நிரப்பும்படி செய்தேன். அது வற்றினால் குழாயில் காற்று புகும், எஞ்சின் நின்றுவிடும். எங்கள் ஊரில் ஏர் லாக் என்றால், திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றும்வரை வாய்க்கால் காய்ந்திருக்கும், அவ்வளவே. கரையேறும் நேரத்தில், பாயை இறக்கிய பின் அது நேர்ந்தால் வள்ளம் அலையின் கையில்.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான், மச்சான்" என்றார் அவர். பார்த்துக்கொள்வான்தான், ஆயினும் சிறு தொட்டியின் பக்கத்தில் ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றைப் பொருத்தி, பாதி மட்டத்தில் சிவப்புக் கோடிட்டேன். கோட்டுக்குக் கீழே டீசல் இறங்குமுன் பம்பை அடிக்கும் பொறுப்பு, வள்ளத்தில் இளையவனான என் தங்கை மகனுக்கு வந்து சேர்ந்தது.