ஆவடியிலிருந்து சாங்கி

அக்கா மகனின் டிக்கெட்டில் புறப்பாடு இரவு 11.30, சாங்கியில் இறங்குவது காலை 6.15 என்று இருந்தது. “ஆறே முக்கால் மணி நேரமாடா அந்தரத்துல இருப்பான்?” என்று அக்கா கலங்கினாள். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது, கழித்தால் நாலேகால் மணிதான் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். ரஜூலா கப்பல் ஓடிய நாளில் நாகப்பட்டினம், பினாங்கு என்று நின்று நின்று போக ஒரு வாரம்போல ஆகும்.

என் கவலை வேறு. ஆவடியிலிருந்து மீனம்பாக்கம் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அந்தச் சாலையை எந்த டிக்கெட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்று மணி நேரம் முன்னதாகவே போய் நிற்க வேண்டுமே என்று சாயங்காலம் ஆறு மணிக்கே டாக்சி ஏறினோம்.

செக்போஸ்ட் தாண்டினால் பருத்திப்பட்டு ஏரி. காடுவெட்டிப் பாலத்தில் கூவத்தைக் கடந்து, சென்னீர்குப்பம் வழியாகக் குமணன்சாவடிக்கு வருவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. தலைக்கு மேல் மெட்ரோ பாலம். பூந்தமல்லியிலிருந்து கலங்கரை விளக்கம் வரை 26.1 கிலோமீட்டர் போகும் தடம் அது. விமான நிலையத்துப் பக்கம் திரும்பாது. மேற்குப் புறநகரிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிற பிள்ளைகள் பெட்டியோடு டாக்சியை நம்பித்தான் இருக்கிறார்கள். எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

மாங்காட்டில் வண்டி நின்றேவிட்டது. வெள்ளிக்கிழமை, காமாட்சி கோயில் கூட்டம். பையன் இடுப்புப் பையைத் திறந்து பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்தான், மூடினான், மறுபடி திறந்தான். அக்கா மடியில் ஊறுகாய் பாட்டில். எடை கூடிவிட்டதென்று பெட்டியிலிருந்து எடுத்தது. வழியிலாவது இடம் கிடைக்காதா என்று கையோடு கொண்டுவந்திருந்தாள்.

சேக்கிழார் பிறந்த குன்றத்தூரில் மலைக்கோயில் விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டோம். அனகாபுத்தூரை நெருங்கும்போது அடையாறு குறுக்கிட்டது. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுதளம் இதே ஆற்றின் மேல்தான் பாலமாக நீள்கிறது. 2015 டிசம்பரில் இந்த ஆறு பெருகியபோது விமான நிலையத்தையே நாள்கணக்கில் மூடி வைத்தார்கள். பம்மல், பல்லாவரம், பிறகு ஜிஎஸ்டி சாலை. டெர்மினல் வாசலில் இறங்கும்போது மணி எட்டு பத்து. வங்கக் கடலைத் தாண்டி, சுமத்ராவின் வடமுனைப் பக்கமாகச் சிங்கப்பூர் போக ஆகிற நேரத்தில் பாதியைப் பூந்தமல்லிச் சாலையிலேயே கழித்திருந்தோம்.

திரும்பும்போது அதே தூரம் ஒரு மணி நேரம்தான். ஊறுகாய் பாட்டில் அக்கா மடியிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்தும் அவள் படுக்கவில்லை. நாலு மணிக்குப் போன் மினுங்கியது. “எறங்கிட்டேம்மா. இங்க வெளிச்சம் வரப்போகுது.”

அக்கா ஜன்னலைத் திறந்து பார்த்தாள். ஆவடி இருட்டாக இருந்தது.