படலம் இல்லாத நொடிகள்

சுழலும் எந்திரம் எதுவாயினும் அதன் தண்டு நிலையான உறுப்பு ஒன்றின்மேல் அமர்ந்தே ஆக வேண்டும். அவ்வாறு அமரும் இடத்துக்குத் தாங்கி என்று பெயர், பட்டறை வழக்கில் பேரிங். தண்டின் எடையையும் அதன்மேல் விழும் விசையையும் ஏற்றுக்கொள்வது, தண்டை அதன் இடத்திலிருந்து விலகாமல் பிடித்திருப்பது, அப்படிப் பிடித்தபடியே அதைத் தடையின்றிச் சுழல விடுவது ஆகிய மூன்றும் தாங்கியின் வேலைகள். சுமை தண்டுக்குக் குறுக்கே வந்தால் ஒரு வகை, தண்டின் நீளவாக்கில் தள்ளினால் உந்துதாங்கி எனப்படும் மற்றொரு வகை. தண்டு ஒரு புஷ்ஷுக்குள் வழுக்கிச் சுழன்றால் வழுக்குத் தாங்கி, குண்டுகளோ உருளைகளோ இடையில் நின்று உருண்டால் உருள்தாங்கி. பாடநூல்கள் இந்த வகைகளைக் கிளை பிரித்துக் காட்டிவிட்டு, அடுத்த பக்கத்தில் வெண்கலம், வெள்ளை உலோகம், எஃகு, கார்பன் என்று பொருள்களை அட்டவணையாக நிறுத்துகின்றன. அந்த அட்டவணை கடினத்தன்மையையும் உருகுநிலையையும் சொல்கிறதே தவிர, எந்திரத்தின் வாழ்வில் எந்த நேரத்துக்காக அந்தப் பொருள் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. தாங்கிகளைப் பற்றி அறிய வேண்டியவற்றுள் முதன்மையானது அதுவே.

வழுக்குத் தாங்கியில் உண்மையில் சுமையைத் தாங்குவது எது என்ற கேள்விக்கு விடை, வேறொன்றைத் தேடிய ஒரு சோதனையில் தற்செயலாகக் கிடைத்தது. இங்கிலாந்தின் எந்திரப் பொறியாளர் நிறுவனத்துக்காக போஷாம்ப் டவர் என்ற பொறியாளர், இரயில் பெட்டி அச்சுகளில் ஏற்படும் உராய்வை அளந்துகொண்டிருந்தார். அவருடைய அறிக்கை 1883இல் வெளிவந்தது. நான்கு அங்குல விட்டமுள்ள தண்டின் அடிப்பகுதி எண்ணெயில் தோய்ந்திருக்க, அதன் மேற்புறத்தில் கன்மெட்டல் என்னும் வெண்கல வகையாலான தாங்கி ஒன்று சுமையோடு அமர்ந்திருந்தது. வழக்கமான முறையில் மேலிருந்து எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் அவர் துளையிட்டார். தண்டு சுழலத் தொடங்கியதும், உள்ளே இறங்க வேண்டிய எண்ணெய் அத்துளை வழியே மேலேறி வழிந்தது. மரமுளை அடித்து அடைத்தபோது அதையும் வெளியே தள்ளியது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்ததில் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கும் மேல் அழுத்தம் இருந்தது. சுமையைத் தாங்கியின் பரப்பால் வகுத்தால் கிடைத்த சராசரியோ 100 பவுண்டுதான். உலோகம் உலோகத்தின்மேல் அமர்ந்திருப்பதாக அதுவரை எண்ணியிருந்த இடத்தில், எண்ணெய் தனியாக நின்று முழுச் சுமையையும் தூக்கிக்கொண்டிருந்தது.

மூன்றாண்டுகள் கழித்து, 1886இல், ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் அளித்தார். தாங்கியின் உள்விட்டம் தண்டின் விட்டத்தைவிடச் சிறிது பெரிதாக இருப்பதால் இரண்டுக்கும் இடையிலுள்ள வெளி ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் ஆப்பு வடிவம் கொள்கிறது. சுழலும் தண்டு தன்னோடு ஒட்டிய எண்ணெயை அந்தக் குறுகலுக்குள் இழுத்துச் செல்ல, அது எளிதில் வெளியேற முடியாமல் அழுத்தம் பெற்றுத் தண்டையே மேலே தூக்குகிறது. மழைநீர் தேங்கிய தார்ச்சாலையில் விரைந்து வரும் காரின் சக்கரம் சாலையைத் தொடாமல் நீரின்மேல் மிதந்து வழுக்குவதும் இதே இயல்பால்தான். சாலையில் விபத்தாகும் அது, தாங்கியில் எந்திரத்தின் உயிராகிறது. தண்டைத் தூக்கும் இந்த எண்ணெய்ப் படலத்தின் தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகளே. ஆயினும் அது உடையாமல் இருக்கும்வரை தண்டும் தாங்கியும் ஒன்றையொன்று தொடுவதில்லை, ஆகவே தேய்வதுமில்லை.

அப்படியானால் தாங்கியை எந்த உலோகத்தில் செய்தாலும் ஒன்றுதானே என்று கேட்கத் தோன்றும். படலம் வேகத்தால் பிறப்பது என்பதே அதற்கு விடை. ஓய்ந்து நிற்கும் தண்டு எண்ணெயைப் பிதுக்கித் தள்ளிவிட்டுத் தாங்கியின்மேல் நேரடியாகப் படுத்திருக்கிறது. கிளம்பும்போது முதல் சில சுற்றுகளிலும், நிற்கும்போது கடைசிச் சில சுற்றுகளிலும் உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. எண்ணெய் தடைபட்டாலோ, தூசு புகுந்தாலோ, தண்டு சற்றே கோணினாலோ அதே நிலை ஓட்டத்தின் நடுவிலும் வரும். தாங்கிப் பொருள் இந்தச் சில நொடிகளுக்காகவே தேர்ந்தெடுக்கப்படுகிறது. மணிக்கணக்கான ஓட்டத்தை எண்ணெய் பார்த்துக்கொள்ளும்; எண்ணெய் இல்லாத நொடியில் தண்டைக் காயப்படுத்தாமல் காப்பது பொருளின் பொறுப்பு.

இந்தப் பொறுப்புக்கு மிகப் பொருத்தமானதாக இன்றுவரை நிலைத்திருப்பது, அமெரிக்கரான ஐசக் பாபிட் 1839இல் காப்புரிமை பெற்ற வழியில் வந்த வெள்ளை உலோகம். வழக்கமான ஒரு கலவையில் வெள்ளீயம் 89 விழுக்காடு; எஞ்சியது ஆண்டிமனியும் செம்பும். நுண்ணோக்கியின் கீழ் பார்த்தால், மென்மையான வெள்ளீயப் பரப்பில் கடினமான சிறு படிகங்கள் புதைந்திருப்பது தெரியும். மென்மை இங்கே குறையன்று, வேண்டிப் பெற்ற குணம். எண்ணெயோடு வரும் மணல் துகளைத் தாங்கி தன் உடலுக்குள் அமிழ்த்திக்கொள்வதால் அது தண்டைக் கீறுவதில்லை; தண்டு சிறிது கோணினால் தாங்கி அதற்கேற்ப நெகிழ்ந்து கொடுக்கிறது; எண்ணெய் முற்றிலும் அற்றுப்போனால் சுமார் 240 பாகை செல்சியசிலேயே உருகத் தொடங்கி, விலையுயர்ந்த தண்டு கெடுவதற்குமுன் தான் அழிந்துவிடுகிறது. உருகிப்போன தாங்கியை மறுபடி வார்த்து, கடைந்து, நீலம் தடவித் தண்டில் வைத்துப் பார்த்து, மேடு தட்டும் இடங்களைக் கையால் சுரண்டிச் சீராக்கிவிடலாம்; மின்நிலையச் சுழலிகளுக்கு இந்தப் பணியைச் செய்யும் கைவினைஞர்களின் திறனுக்கு நிகரானது பொறியியலில் அதிகம் இல்லை.

வெள்ளை உலோகத்துக்குச் சூடும் துடிப்பான சுமையும் ஆகாது. ஆகவே கார் எஞ்சின்களில் எஃகுத் தகட்டின்மேல் அலுமினியமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய அடுக்கு ஒன்று அப்பணியை ஏற்கிறது. மெதுவாகச் சுழலும் கனத்த தண்டுகளுக்குக் கன்மெட்டல் புஷ் போதும். எண்ணெய் விட ஆளில்லாத சிறு மோட்டார்களில், வெண்கலப் பொடியை அழுத்திச் சுட்டு, அதன் நுண்துளைகளில் எண்ணெயை ஊறவைத்த புஷ்கள் பயனாகின்றன.

உலோகமே இல்லாத தாங்கியின் கதை இவற்றைவிடச் சுவையானது. திருகு விசிறியால் உந்தப்படும் நீராவிக் கப்பல்கள் தோன்றியபோது, விசிறித் தண்டு கப்பலின் பின்புறம் கடலுக்குள் நுழையும் இடத்திலிருந்த பித்தளைத் தாங்கிகள் விரைவில் தேய்ந்தன. 1854இல் ஜான் பென் என்ற ஆங்கிலப் பொறியாளர் அவ்விடத்தில் லிக்னம் வைட்டே என்னும் மரக்கட்டைகளை வரிசையாகப் பதித்து, இடையிலுள்ள பள்ளங்களில் கடல்நீரைப் பாயவிட்டார். கரீபியன் தீவுகளில் வளரும் இந்த மரம் நீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானது. அதன் உடலிலேயே பிசின் ஊறியிருப்பதால், நீர் மட்டுமே மசகாக இருக்கும் இடத்திலும் கிளம்பும் நேரத்து உரசலைத் தாங்கிக்கொள்கிறது. அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களின் காலம் வரை அது கடலில் பணிசெய்தது.

உருள்தாங்கியில் தர்க்கம் தலைகீழாகிறது. குண்டும் வளையமும் தொடும் பரப்பு ஊசிமுனை போன்றதாகையால், அங்கே மென்மைக்கு இடமில்லை. ஏறத்தாழ 1 விழுக்காடு கார்பனும் 1.5 விழுக்காடு குரோமியமும் கொண்ட எஃகை நன்கு கடினப்படுத்திச் செய்யும் இவ்வகை, கிளம்பும்போதே உருளத் தொடங்குவதால் தொடக்க உரசலுக்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை. ஆனால் லட்சக்கணக்கான சுற்றுகளில் ஒரே இடம் திரும்பத் திரும்ப அழுந்திச் சோர்ந்து, பரப்புக்கு அடியில் வெடிப்பு கண்டு, செதில் செதிலாக உதிர்கிறது. சுமை இரட்டித்தால் பால் பேரிங்கின் ஆயுள் எட்டில் ஒன்றாகச் சுருங்கும் என்ற கணக்கு இச்சோர்வின் இயல்பிலிருந்து வருவது. வழுக்குத் தாங்கி படலம் காக்கப்படும்வரை வாழும். உருள்தாங்கியோ நன்றாகப் பராமரிக்கப்பட்டாலும் எண்ணப்பட்ட சுற்றுகளோடு பிறக்கிறது.

இந்த வேறுபாடு கண்கூடாக விளங்கிய இடம், அமெரிக்காவில் சஸ்குவெஹானா ஆற்றின்மீதுள்ள ஹோல்ட்வுட் நீர்மின் நிலையம். செங்குத்தாக நிற்கும் சுழலியின் முழு எடையும் நீரின் தள்ளலும் ஓர் உந்துதாங்கியின்மேல் இறங்கும் அங்கே, உருளைத் தாங்கிகள் அடிக்கடி பழுதாயின. தட்டையான இரு பரப்புகளுக்கு நடுவே ஆப்பு வடிவம் தானாகத் தோன்றாது என்பதே வழுக்கு வகை உந்துதாங்கிகளின் பழைய தடை. ஆல்பர்ட் கிங்ஸ்பரி என்ற பேராசிரியர் பரப்பைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு முனையின்மேல் சாயும்படி நிறுத்தினார். சுழற்சி தொடங்கியதும் துண்டுகள் தாமே தேவையான கோணத்தில் சாய்ந்து எண்ணெய் ஆப்பை உண்டாக்கிக்கொண்டன. ஆஸ்திரேலியாவின் மிச்செல் 1905இல் இதே வழியைத் தனியாகக் கண்டு காப்புரிமை பெற்றிருந்தார். ஹோல்ட்வுட்டில் 1912இல் பொருத்தப்பட்ட 48 அங்குலத் தாங்கி சுமார் 220 டன் சுமையை ஏற்றது. 1987இல் அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கம் அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது.

சாயும் துண்டுகளின் அந்தத் தத்துவம் கோயம்புத்தூர்ப் பட்டறைகளுக்குப் புதியதன்று. ஆழ்துளைக் கிணற்றில் இறக்கப்படும் நீர் நிரப்பிய சப்மெர்சிபிள் மோட்டாரின் அடியில், சாயும் எஃகுத் துண்டுகளும் அவற்றை எதிர்கொள்ளும் கார்பன் தட்டும் கொண்ட த்ரஸ்ட் பேரிங் ஒன்று பம்பின் தள்ளலைத் தாங்குகிறது. மசகு அங்கே மோட்டாருக்குள் இருக்கும் நீர். நீரின் பாகுத்தன்மை எண்ணெயினும் மிகக் குறைவாதலால் படலம் மிக மெல்லியது. வேகம் குறைந்தவுடன் அது மறைந்துவிடும் என்பதற்காகவே, தானே வழுக்கும் குணமுடைய கார்பன் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் நின்று நின்று வரும் மின்சாரத்தோடு ஆட்டோ ஸ்டார்ட்டர் பூட்டிய தோட்டத்து மோட்டார், ஹோல்ட்வுட்டின் சுழலியைப் போல இடைவிடாது ஓடுவதில்லை. மின்சாரம் வந்துபோகும் ஒவ்வொரு முறையும் அது படலம் இல்லாத நொடிகளைக் கடந்தாக வேண்டும். அத்துடன் நீரோடு மணலும் உள்ளே புகுந்தால், கார்பன் தட்டில் வட்ட வட்டமாகக் கோடுகள் விழுந்து, தண்டு சிறிது சிறிதாகக் கீழிறங்கி, பம்பின் உறுப்புகள் அடிப்பகுதியில் உரசத் தொடங்குகின்றன. மோட்டார் எரிந்துவிட்டது என்று ரீவைண்டிங்குக்கு வரும்போது கம்பிச் சுருள் மட்டும் மாற்றப்பட்டு, எரிவதற்குக் காரணமாக இருந்திருக்கக்கூடிய அந்தத் தட்டு அப்படியே திரும்பிப் போனால், புதிய சுருளும் அதே சுமையோடு கிணற்றுக்குள் இறங்குகிறது. அடிமூடியைத் திறந்து, கார்பனின் முகத்தில் கோடு விழுந்திருக்கிறதா என்றும், எஃகுத் துண்டுகள் இன்னும் விரலால் அசைத்தால் சாய்கின்றனவா என்றும் பார்த்துவிட ஒரு சில நிமிடங்களே ஆகும்.