வெறும் வார்னிங்தானே!

புதுச்சேரியில் ஏதோ ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப். முதலாண்டு மாணவன் ஒருவன் சி மொழியில் மின்கட்டணப் புரோகிராம் எழுதுகிறான். யூனிட், பழைய பாக்கி இரண்டையும் வாங்கிக்கொண்டு மொத்தக் கட்டணத்தைச் சொல்லும் ஒரு ஃபங்ஷன். கம்பைல் செய்தால் எரர் 0, வார்னிங் 1. 'பாக்கி' என்ற பாராமீட்டர் பயன்படுத்தப்படவே இல்லை என்கிறது கம்பைலர். பக்கத்து சீட்டுக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு, "டேய், வெறும் வார்னிங்தானே, ரன் பண்ணு" என்கிறான். ரன் ஆகிறது. 100 யூனிட், யூனிட்டுக்கு 2 ரூபாய், பாக்கி 0. விடை 200. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் வாங்கியாயிற்று.

பாக்கி 350 என்று கொடுத்துப் பார்த்திருந்தால்? 550 வரவேண்டிய இடத்தில் அப்போதும் 200தான் வந்திருக்கும். பாக்கியைக் கூட்டவே மறந்துவிட்டான்! இருந்த ஒரே தப்பை கம்பைலர் பெயர் சொல்லிக் காட்டியது. கேட்கத்தான் ஆளில்லை.

பயன்படாத கோடு பற்றிய எச்சரிக்கை என்றால் ஏதோ வீட்டைப் பெருக்கச் சொல்கிற விஷயம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இடம் வீணாகும், வேகம் குறையும் என்பதெல்லாம் பெரிய காரணமே இல்லை. யாரும் தொடாத மாறியை கம்பைலரே பெரும்பாலும் தூக்கிப் போட்டுவிடும். அது கேட்பது வேறு: "எதற்கோ எழுதினாயே, அதை மறந்துவிட்டாயா?"

லேப் கதை சின்னது. பெரிய கதை ஒன்று 2014 பிப்ரவரியில் நடந்தது. ஐபோனிலும் மேக்கிலும், பேசுவது உண்மையான இணையத்தளம்தானா என்று கையொப்பம் பார்க்கும் பகுதியில் 'கோ-டு ஃபெயில்' என்ற வரி தவறுதலாக இரண்டு முறை இருந்தது. முதல் வரி 'இஃப்' நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எதற்கும் கட்டுப்படாமல் எப்போதும் தாண்டிக் குதித்தது. கீழே இருந்த கடைசிச் சோதனை ஓடவே இல்லை, "எல்லாம் சரி" என்ற பதில் மட்டும் போனது. போலித் தளம்கூட உள்ளே நுழையலாம் என்ற நிலை. ஆப்பிள் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது.

அந்தக் கடைசிச் சோதனைதான் 'ஓடாத கோடு'. கிளாங் கம்பைலரில் இதைக் காட்டும் எச்சரிக்கை இருந்தது, ஆனால் தனியாகக் கேட்டால்தான் வரும். 'டபிள்யூ-ஆல்' என்று பெயரிலேயே 'எல்லாம்' இருக்கிறதே என்று நம்பினால் ஏமாற்றம்தான். எல்லாம் அதில் இல்லை. ஜி.சி.சி.யிலும் அப்படித்தான். பாராமீட்டர் பயன்படவில்லை என்று அது சொல்ல 'டபிள்யூ-எக்ஸ்ட்ரா'வும் சேர்க்க வேண்டும். பழைய டர்போ சி இதைக் கேட்காமலே சொல்லும்!

அப்படியானால் எல்லா எச்சரிக்கையும் தங்கமா? இல்லை. சில ஃபங்ஷன்களின் வடிவத்தை வேறு யாரோ முடிவு செய்திருப்பார்கள். யூனிக்ஸில் சிக்னல் ஹேண்ட்லர் எழுதினால், தேவை இருக்கிறதோ இல்லையோ, ஒரு எண்ணை வாங்கித்தான் ஆகவேண்டும். அந்தப் பாராமீட்டர் ஒப்புக்குச் சப்பாணி. அதற்கும் எச்சரிக்கை வரும். இப்படி இருநூறு வந்தால் புலி வருது கதைதான். உண்மையான புலி இருநூற்று ஒன்றாவதாக வரும்போது யார் பார்ப்பது?

2009-ல் கூகுள் வெளியிட்ட கோ மொழி இதற்கு ஒரே போடாகப் போட்டது. பயன்படாத உள் மாறியோ இம்போர்ட்டோ இருந்தால் எச்சரிக்கை இல்லை, நேராக எரர். குப்பை சேராது, நல்லதுதான். ஆனால் சோதனைக்காக ஒரு வரியை மறைத்தால்கூட கம்பைல் ஆகாது. கடுப்பில் அடிக்கோடு ஒன்றைப் போட்டு வாயை அடைத்துவிட்டு, பிறகு அதை மறந்துபோகிறவர்களும் உண்டு.

கம்பைலருக்கும் ஓர் எல்லை இருக்கிறது. யாரும் கூப்பிடாத கோடு அதற்குத் தெரியும், யாருக்கும் தேவைப்படாத கோடு தெரியாது. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து கிளம்பிய முதல் ஏரியன் 5 ராக்கெட் சுமார் 40 விநாடிகளில் சிதறியது. புறப்பட்ட பிறகு அந்த ராக்கெட்டுக்கு வேலையே இல்லாத, ஏரியன் 4-லிருந்து அப்படியே எடுத்துவந்த ஒரு பகுதி உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. 64 பிட் எண்ணை 16 பிட்டில் அடைக்கப் போய்த் தோற்றது. நான்கு செயற்கைக்கோள்கள் போயின. அந்தக் கோடு 'பயன்பாட்டில்' இருந்ததால் இந்த வகை எச்சரிக்கை எதுவும் உதவியிருக்காது.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் 1836-ல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1979-ல் புதியது வந்ததும் இதன் வேலை முடிந்தது. ஆனாலும் யாரும் இடிக்கச் சொல்வதில்லை, ஏன் நிற்கிறது என்று ஊருக்கே தெரியும். புரோகிராமில் கிடக்கும் பழைய ஃபங்ஷனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எழுதியவர் வேலை மாறிப் போனால் காரணமும் அவரோடு போய்விடும்.

ஆகவே எச்சரிக்கை வந்தால் பதில் மூன்றுதான். மறந்ததைச் சேர்ப்பது, வேண்டாததை நீக்குவது, வேண்டுமென்றே வைத்திருந்தால் காரணத்தை ஒரு வரியில் எழுதி வைப்பது. அந்த முதலாண்டு மாணவனுக்குத் தேவைப்பட்டது முதல் பதில், அதுவும் ஒரே ஒரு கூட்டல் குறி. அதைப் போடாததால் பாக்கி வைத்தவர்களெல்லாம் அவன் புரோகிராமில் ஜாலியாகத் தப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்!