எல்லாப் படத்திலும் அந்த மலை

ஜூன் 14, 2022. கீட்டோ

நாளைய பயணம் ரத்து. காலையிலேயே வேன்காரர் செய்தி அனுப்பிவிட்டார். நேற்றிலிருந்து ஈக்வடார் முழுக்கச் சாலை மறியல். பழங்குடி மக்களின் கூட்டமைப்பு விடுத்த அழைப்பு. கோட்டோபாக்ஸி மாகாணத்தில் நெடுஞ்சாலையே அடைபட்டுக் கிடக்கிறதாம். நான் போக இருந்ததும் அந்தப் பக்கம்தான். கூட்டமைப்பின் தலைவரை இன்று விடியுமுன்பே அங்கே பிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள். இனி இது லேசில் அடங்காது என்கிறார் மாப்பிள்ளை.

என்னைவிட மகளுக்குத்தான் வருத்தம். "குழந்தை வந்துட்டா நீ வாசல் தாண்டமாட்டே, அதான் முன்னாடியே புக் பண்ணேன்" என்று புலம்புகிறாள். ஓர் எரிமலை ஏரி, ஆட்டுத்தோலில் படம் வரைகிற ஒரு கிராமம், ஒரே நாளில் இரண்டும். டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற அம்மாவுக்கு இது பிடிக்கும் என்று அவளே முடிவு கட்டியிருக்கிறாள். நான் வந்தது பேறுகாலம் பார்க்க. எரிமலை என் கணக்கிலேயே இல்லை.

ஜூன் 17

கேஸ் வண்டி வரவில்லை. 15 கிலோ சிலிண்டருக்கு அரசு விலை 1.60 டாலர், மீதி மானியம். இப்போது மூலைக்கடைக்காரர் சொல்கிற விலையை எழுதவே கை கூசுகிறது. இந்த ஊர் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகாது. குக்கரை இரண்டாம் விசிலோடு இறக்கிப் போர்வையில் சுற்றி வைக்கிறேன். மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

ஜூன் 20

பக்கத்துப் பூங்காவில் இரவெல்லாம் கண்ணீர்ப்புகைக் குண்டுச் சத்தம். எதிரே இருக்கும் பண்பாட்டு மாளிகைக்குள் நேற்றே போலீஸ் புகுந்துவிட்டது. போன தடவை, 2019இல், மலையிலிருந்து போராட வந்தவர்கள் அங்கேதான் தங்கினார்களாம். இந்தத் தடவை பல்கலைக்கழகங்கள் இடம் கொடுத்திருக்கின்றன. லாரி லாரியாக வருகிறார்கள். முதுகில் கட்டிய பிள்ளையோடு வந்த பெண்களை மாடியிலிருந்து பார்த்தேன்.

இன்று கேட்டே விட்டேன். "பிரசவம் ஆனதும் மூணு பேருமா ஊருக்கு வந்துடுங்க. எதுக்கு இந்த ஊரு?" அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தனையையும் நறுக்கி முடித்தாள். பிறகு, "அம்மா, இங்க எனக்கு வேலை இருக்கு" என்றாள். அதற்கு மேல் பேச்சில்லை. மதியம் நான் சாப்பிடவில்லை.

ஜூன் 22

ஆஸ்பத்திரிக்கு நடந்தே போக நேர்ந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று மாப்பிள்ளை நடந்து பார்த்துவிட்டு வந்தார். 40 நிமிடம்.

ஜூன் 27

பெண் குழந்தை. 2.9 கிலோ. இரண்டு பேரும் நலம். வழியில் இரண்டு இடத்தில் காரை நிறுத்தினார்கள். வயிற்றைப் பார்த்ததும் டயரை இழுத்து ஒதுக்கினார்கள்.

ஜூலை 1

நேற்று ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. நடுவில் நின்று பேசியவர்கள் கத்தோலிக்க ஆயர்கள். மறியல் 18 நாள் நடந்திருக்கிறது. பெட்ரோல், டீசல் இரண்டிலும் காலனுக்கு 15 சென்ட் குறைப்பு. மீதிக் கோரிக்கைகளுக்கு 90 நாள் பேச்சுவார்த்தை. பால் வந்தது. கேஸ் வந்தது. குழந்தை ராத்திரியைப் பகலாக்குகிறது.

ஜூலை 23, இரவு

போய்விட்டு வந்தாயிற்று. "ஒரு நாள்தானே அத்தை, நான் லீவு போட்டிருக்கேன்" என்று மாப்பிள்ளை விடியுமுன் வேனில் ஏற்றிவிட்டார். எங்களோடு ஒரு ஜெர்மன் தம்பதி, குவாயாகிலிலிருந்து வந்த அக்கா தங்கை. வழிகாட்டிக்கு முப்பது வயதிருக்கும். சும்பாவா பக்கத்துக்காரர், தாய்மொழி கிச்சுவா. நிதானமான ஆங்கிலம். என்னை மட்டும் செனோரா என்பார்.

தெற்கே போகும் பான் அமெரிக்கன் சாலையின் இரு பக்கமும் எரிமலை வரிசை. எங்களுக்குக் கிடைத்தது மேகம். "இடது பக்கம் கோட்டோபாக்ஸி, 5,897 மீட்டர்" என்று வழிகாட்டி வெறும் வெள்ளையைக் காட்டினார். ஜெர்மன்காரர் அதையும் போட்டோ எடுத்தார். நான் பார்த்தது சாலையை. டயர் எரித்த இடமெல்லாம் தார் உருகிக் கறுத்து, வட்டம் வட்டமாக. ஓரத்துப் பள்ளத்தில் வெட்டிப்போட்ட தைல மரங்கள், காய்ந்த இலையோடு. ஜன்னலைத் திறந்ததும் ஊட்டி பஸ்ஸின் வாசனை. இந்த மரம் இங்கேயும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

லட்டகுங்காவில் காபி. இந்த ஊரை கோட்டோபாக்ஸி 1742இல் அழித்தது, 1768இல் அழித்தது, 1877 ஜூன் 26 அன்று திரும்பவும் அழித்தது. நெருப்புக் குழம்பு இவ்வளவு தூரம் வருவதில்லை. உச்சியில் இருக்கும் பனி உருகி, சாம்பலையும் பாறையையும் வாரிக்கொண்டு ஆற்றில் சேறாக இறங்கும். அந்தச் சேறு 1877இல் ஒரு மணி நேரத்துக்குள் இங்கே வந்துவிட்டது. மலையின் மறுபக்கம் இறங்கியது பசிபிக் கடல் வரைக்கும் போயிற்று. "அப்புறமும் ஏன் அதே இடத்தில் கட்டினார்கள்?" என்று ஜெர்மன் அம்மாள் கேட்டார். நல்ல நிலம், தண்ணீர் இருக்கிறது, சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று வழிகாட்டி விரல்விட்டு எண்ணினார்.  

மேற்கே திரும்பி, புஹிலி தாண்டி ஏற்றம். நிற்கவே முடியாத சரிவில் வாற்கோதுமை, உருளைக்கிழங்கு, மொச்சை. சாலைக்காக வெட்டிய இடங்களில் மண்ணின் உள்பக்கம் தெரிகிறது. சாம்பல் வெள்ளையாக, விரலால் கீறினால் உதிர்கிறது.

திகுவா என்பது ஓர் ஊர் இல்லை. மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர்தான். சாலையோரம் ஓர் ஓவியக் கூடம். திருவிழா மேளத்தின் தோலிலும் மரமுகமூடியிலும் சாயம் தீட்டுவது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். 1970களின் தொடக்கத்தில் ஓல்கா ஃபிஷ் என்ற ஹங்கேரியப் பெண்மணி, கீட்டோவில் கைவினைக் கடை வைத்திருந்தவர், ஹூலியோ டோவாகீசா என்பவரின் மேளத்தைப் பார்த்து, இதையே சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோலில் வரைந்து கொடு என்றாராம். அவர் வரைந்தார், பிள்ளைகள் வரைந்தார்கள், அண்டை அயலும் வரைந்தது. அதற்குச் சில வருஷம் முன்புவரை, 1964 நிலச் சீர்திருத்தம் வரைக்கும், இந்தக் குடும்பங்கள் பண்ணையில் அடிமை வேலை செய்தவை. முதலில் கோழி இறகுதான் தூரிகை.

ஒரு படத்தைத் திருப்பிப் பார்த்தேன். சட்டத்தைச் சுற்றி ஆணியடித்த தோல், விளிம்பில் சரியாக வழிக்காத ரோமம் விரலைக் குத்திற்று. பெயின்ட், ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற அதே எனாமல். கூடத்தின் மூலையில் இருபது வயதுப் பையன் ஒருவன் புல் வரைந்துகொண்டிருந்தான். கரும்பச்சை அடித்த சரிவின்மேல் கீழிருந்து மேலாக ஒரு இழுப்பு, தூரிகையைத் துடைப்பான், இன்னொரு இழுப்பு. ஒவ்வொரு தாளும் தனித்தனி. பக்கத்தில் நின்று பார்த்ததில் எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. வழிகாட்டி வந்து தோளைத் தொட்டார்.

இந்தப் படங்களில் நிழல் கிடையாது. தூரத்து ஆடும் பக்கத்து ஆடும் ஒரே அளவு. எட்டாம் வகுப்பில் நிழலுக்கென்று தனியாக மதிப்பெண் போட்டவள் நான். இங்கே ஒருவருக்கும் போட்டிருக்க மாட்டேன். ஆனாலும் மலைச்சரிவு எப்படி நிமிர்ந்து நிற்கிறதோ அப்படித்தான் தோலில் நிமிர்ந்து நிற்கிறது. வேனிலிருந்து பார்த்தபோதும் எனக்குத் தூரம் கிட்டம் பிடிபடவில்லை.

எல்லாப் படத்திலும் கோட்டோபாக்ஸி இருந்தது. அறுவடையில், கல்யாணத்தில், சாவு வீட்டில். சிலவற்றில் மலைக்கு மூக்கும் கண்ணும்கூட உண்டு. அடுப்படிக்குள் கினிப்பன்றிகள் ஓடுகிற ஒரு படத்தில், சுவரில் ஜன்னல் மாதிரி ஓர் ஓட்டை போட்டு அதற்குள் மலையை வைத்திருந்தார்கள். ஏன் என்று வழிகாட்டி மூலமாகக் கேட்டேன். பையனின் அப்பா பதில் சொன்னார். மலை இல்லாத படம் ஒன்றை ரொம்ப நாள் மாட்டி வைத்திருந்தாராம், ஒருவரும் வாங்கவில்லையாம். எல்லோரும் சிரித்தோம்.

இன்னொன்று, காயாதது, கீழே சாய்த்து வைத்திருந்தது. சாலை, டயர், கருப்புப் புகை, கேடயத்தோடு ஒரு வரிசை, போன்சோவோடு ஒரு வரிசை. எல்லா முகமும் ஒரே அளவு, போலீஸ்காரன் முகமும். சட்டத்தில் பூ வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. 1990இல் நடந்த பெரிய பழங்குடி எழுச்சியையும் இதே மாதிரி வரைந்திருக்கிறார்களாம். விலை கேட்டேன். முடியவில்லை, முடிந்ததும்தான் விலை என்றார்.

அங்கிருந்த ஒரு காண்டோர் கழுகுப் படத்தின் கதையை வழிகாட்டி சொன்னார். ஆடு மேய்க்கிற பெண்ணை ஒரு காண்டோர் ஆசைப்பட்டு, போன்சோ போர்த்திய வாலிபனாக வந்து, முதுகில் ஏற்றிப் பாறை உச்சிக்குக் கொண்டுபோய்விடுகிறது. அப்பா அம்மா தேடிக் கண்டுபிடித்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அதற்குள் அவள் உடம்பில் இறகு முளைத்துவிட்டது. திரும்பவும் பறந்துவிடுகிறாள். நல்ல படம்தான், அந்த நீலத்தை அவ்வளவு அழுத்தமாக வைக்கத் துணிச்சல் வேண்டும். கதை எனக்குப் பிடிக்கவில்லை. உருளைக்கிழங்கு அறுவடைப் படத்தை வாங்கினேன்.

சும்பாவாவில் சனிக்கிழமைச் சந்தை. வெங்காயம், ஆடு, இரைச்சல். அதற்கப்பால் டோவாச்சி ஆறு சாம்பல் படிவத்தை அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு, செங்குத்தாக. கிலோட்டோவா எரிமலை சுமார் 800 வருஷத்துக்கு முன் வெடித்தபோது கொட்டியது இது.

கிலோட்டோவாவில் வேன் நின்ற இடத்திலிருந்து சில அடி நடந்ததும் தரை முடிந்துவிட்டது. 3,900 மீட்டரில் விளிம்பு, மூன்று கிலோமீட்டர் அகலத்துக்கு வட்டமான குழி, 400 மீட்டர் கீழே ஏரி. ஒரு பச்சை. கலந்து காட்டு என்றால் என்னால் முடியாது, மேகம் நகர நகர மாறுகிறது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். குவாயாகில் பெண்களும் சிரித்தார்கள். எதற்கென்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

மணலில் கணுக்கால் புதையப் புதைய இறங்கினேன். கரையில் தண்ணீர் அங்கங்கே குமிழ் விடுகிறது. அடியிலிருந்து கரியமில வாயு. குடிக்க உதவாது, ஆழம் 250 மீட்டர் என்றார் வழிகாட்டி. ஏறுவதற்குக் கோவேறு கழுதை, பத்து டாலர். மற்றவர்கள் நடந்து முன்னே போய்விட்டார்கள், வழிகாட்டி மட்டும் என் கூட வந்தார்.

"நீங்க ஜூன்லயே வர வேண்டியவங்க. பட்டியல்ல பேர் பார்த்தேன். அன்னைக்கும் நான்தான் வழிகாட்டி."

"அப்போ எங்கே இருந்தீங்க?"

"சாலையில."

மறியலுக்கு வீட்டுக்கு ஒருவர், முறைபோட்டு. போகாத வீட்டுக்கு அபராதம். அபராதம் இல்லாவிட்டாலும் போயிருப்பாராம். டீசல் ஏறினால் கிழங்கு மூட்டைக்கு லாரி வாடகை ஏறும், சந்தையில் கிழங்கு விலை ஏறாது, அவர் அம்மா அந்தக் கிழங்கைத்தான் நம்பியிருக்கிறார். அத்தனை நாளும் ஒரு பயணி வரவில்லை, இவருக்குக் கூலியும் இல்லை. அதை அவர் குறையாகச் சொல்லவில்லை, நான் கேட்டதற்குச் சொன்னார். அதன் நடுவில்தான் பேத்தி பிறந்தாள் என்றேன்.

"வழி விட்டாங்களா?"

விட்டார்கள், இரண்டு இடத்திலும் என்றேன். கழுதை நின்றுவிட்டது. தட்டி நடக்கவிட்டார்.

திரும்பும்போதும் கோட்டோபாக்ஸி தெரியவில்லை. வீட்டுக்குள் நுழையும்போதே குழந்தையின் அழுகை கேட்டது.

ஜூலை 25

காண்டோர் படத்தை ஏன் வாங்கவில்லை என்று மகள் கேட்டாள். செல்போனில் பார்த்துவிட்டாள் போல. அது வீட்டில் மாட்ட ஆகாது என்றேன். "யார் சொன்னா?" என்கிறாள். அதே மாதிரிப் படங்கள் சனி ஞாயிறில் எஹிதோ பூங்காவிலேயே விற்குமாம், மாப்பிள்ளையிடம் சொல்லி வாங்கிக்கொள்கிறாளாம். மாப்பிள்ளை நல்ல பையன்தான். அதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை.

ஆகஸ்ட் 4

தலைவலி. உயரம்தான் காரணம் என்கிறார்கள். வந்து இத்தனை நாளுக்கு அப்புறமா?

ஆகஸ்ட் 11

நாளை விமானம். ஆட்டுத்தோலைச் சுங்கத்தில் விடுவார்களா என்று கவலை. துணி நடுவில் வைத்துச் சுற்றியிருக்கிறேன். குழந்தைக்கு இன்று தலைக்கு ஊற்றி, சாம்பிராணி போட்டேன். புகைக்கு இருமினாள். மகள் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

நவம்பர் 27. ஊரில்

கோட்டோபாக்ஸி அக்டோபரிலிருந்தே புகைகிறது. நேற்றுச் சாம்பல் கீட்டோ வரைக்கும் வந்துவிட்டது. தெற்கே மாப்பிள்ளையின் அலுவலகத்தில் நிறுத்தியிருந்த கார்மேல் படிந்ததை வீடியோவில் காட்டினார். விரலால் கோடு போட்டுப் பேத்தியின் பெயரை எழுதியிருந்தார்.

"தண்ணி ஊத்திக் கழுவக்கூடாதும்மா, குழம்பாகிச் சாக்கடை அடைச்சுக்கும். காய்ஞ்சபடியே பெருக்கிப் பையில கட்டணும். முகமூடி நிறைய வாங்கி வச்சாச்சு." மகள் சொல்லிக்கொண்டே போனாள். முருங்கைக்கீரைக்காரி வந்து நின்று போனாள், நான் எழுந்து போகவில்லை. ஊருக்கு வந்துவிடு என்று வாய்வரை வந்தது. குழந்தை சோறு தின்ன ஆரம்பிக்கப் போகிறாள், என்ன கொடுக்கலாம் என்று கேட்டாள். சொன்னேன்.

ஏப்ரலுக்கு டிக்கெட் போடட்டுமா என்கிறார் மாப்பிள்ளை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.