எங்கள் வீட்டுக்கு எத்தனை அங்குலம்?

(பத்தாம் வகுப்பு மாணவி)

'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்று பெரியோர் சொல்வார்கள். பழமொழிகளைத் தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் என்பதற்கு மேல் நான் அவற்றைப் பற்றி எண்ணியதில்லை. சென்ற ஆண்டு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கப் போன இடத்தில்தான் இந்தப் பழமொழியின் பொருள் எனக்கு விளங்கியது. அந்தக் கதையைத் தோழியருக்குச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். இதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருச்சி பாலக்கரையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. ஒரு கூடம், ஒரு சமையலறை, அவ்வளவுதான். கூடத்தில்தான் அப்பாயியின் கட்டில், பீரோ, தையல் இயந்திரம், எங்கள் புத்தகங்கள் எல்லாம். பல ஆண்டுகளாக அந்தக் கூடத்தில் ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டியும் இருந்தது. தமிழக அரசு 2006-ஆம் ஆண்டு முதல் வீடுகளுக்கு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணப் பெட்டி அது. நான் பிறப்பதற்கு முன்பே வந்தது. 2025 ஜூன் மாதம் ஒருநாள் 'டப்' என்று ஓசை எழுப்பிக் கண்ணை மூடிக்கொண்டது. பழுது பார்ப்பவர் வந்து, "பிக்சர் டியூப் போயிருச்சு. இனி இதுக்குச் செலவு பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அப்பாயிக்குப் பொழுது போகவில்லை. ஒரு கண்ணில் புரை நீக்க அறுவை செய்தாயிற்று; மற்றொன்றில் இன்னும் மங்கல். புத்தகம் படிக்க முடியாது. பழைய படங்கள்தாம் அவர்களுக்குத் துணை. தம்பிக்கு வேறு கவலை. குவைத்திலிருந்து வந்த சித்தப்பா, தாம் பயன்படுத்திய 'ப்ளே ஸ்டேஷன் 4' விளையாட்டுக் கருவியை அவனுக்குக் கொடுத்திருந்தார். அதன் எச்.டி.எம்.ஐ. கம்பியைச் செருகப் பழைய பெட்டியில் துளையே இல்லை. ஏழாம் வகுப்புப் படிக்கும் அவன் அந்தக் கருவியைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பீரோவில் வைத்துக்கொண்டிருந்தான்.

என் கவலையைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை. வகுப்பில் உணவு இடைவேளையில் தோழியர் தத்தம் வீட்டுத் தொலைக்காட்சியைப் பற்றிப் பேசுவார்கள். ஒருநாள் என்னைக் கேட்டபோது, "எங்க வீட்டிலும் 43 அங்குலம்தான்" என்று சொல்லிவிட்டேன். எதற்காகச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. உடனே ஒரு தோழி, "அரையாண்டு விடுமுறைக்கு உங்க வீட்டுக்குப் படம் பார்க்க வர்றேன்" என்றாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

தீபாவளி நெருங்கியது. அப்பா துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறார். போனஸ் பணத்தில் 12,000 ரூபாய் ஒதுக்கினார். அப்பாயி தம் முதியோர் உதவித்தொகையில் சேர்த்து வைத்திருந்த 3,000 ரூபாயை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார்கள். "43 அங்குலம் வாங்கலாம்பா. கூடுதல் பணத்தைத் தவணையில் கட்டலாம்" என்று நான் துடித்தேன். "மொதல்ல இடத்தை அளந்து பாரும்மா" என்றார் அப்பா.

வாசற்கதவுக்கும் பீரோவுக்கும் நடுவே இருந்த சுவரின் அகலம் 36 அங்குலம். ஆனால் 43 என்பது பெட்டியின் அகலம் அன்று. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு உள்ள அளவு. அகலமும் உயரமும் 16-க்கு 9 என்ற விகிதத்தில் இருக்கும். ஆகவே பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டு கணக்கிட்டேன். 16-இன் வர்க்கம் 256, 9-இன் வர்க்கம் 81, கூட்டினால் 337, அதன் வர்க்கமூலம் சுமார் 18.36. அதன்படி 43 அங்குலப் பெட்டியின் திரை மட்டும் 37.5 அங்குல அகலம். இடம் போதாது! 32 அங்குலமென்றால் அகலம் சுமார் 28, உயரம் 15.7. பழைய 14 அங்குலத் திரையோடு ஒப்பிட்டால் பரப்பு நாலரை மடங்குக்கு மேல். கணக்கு தெளிவாகச் சொல்லியது, மனம்தான் கேட்கவில்லை. "பீரோவைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம்பா" என்றேன். பீரோவைத் தள்ளினால் அப்பாயியின் கட்டிலை இன்னும் மூலைக்குத் தள்ளவேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன்.

கடைக்குக் கிளம்பும்போது அப்பாயி, "ஏன் தாயி, நான் படுத்துக்கிட்டே பார்த்தா தெரியுமா?" என்று கேட்டார்கள். "நல்லாத் தெரியும் அப்பாயி" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டு ஓடினேன்.

சிங்காரத்தோப்புக்கு அருகே ஒரு பெரிய கடை. சுவர் முழுவதும் திரைகள். எல்லாவற்றிலும் ஒரே மயிலும் ஒரே பழக்கூடையும் கண்ணைப் பறித்தன. விற்பனையாளர் எங்களை நேரே 43 அங்குலத்திடம் அழைத்துச் சென்றார். "32-க்கு மேலே உள்ளதுக்கெல்லாம் போன மாசம்தான் வரி 28-லேருந்து 18 சதவீதமாக் குறைஞ்சிருக்கு. இதுதான் சமயம். இது 4கே, நாலு மடங்கு தெளிவு" என்றார். செப்டம்பரில் வரி குறைந்தது உண்மைதான். அதன் நேர் எதிரே நின்ற எனக்குக் கால் நகரவில்லை.

தம்பிதான் என்னைக் காப்பாற்றினான். அவன் தன் கருவியைப் பையில் கொண்டுவந்திருந்தான். "அண்ணே, இதுல சொருகிப் பார்க்கலாமா?" என்று கேட்டான். அவரும் முகம் சுளிக்காமல் இணைத்துக் கொடுத்தார். கிரிக்கெட் விளையாட்டைப் போட்டான். பந்து போன பிறகு மட்டை சுழன்றது! மூன்று பந்துகளில் மூன்று முறை ஆட்டமிழந்தான். புதிய பெட்டிகள் படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்குச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கின்றன. திரைப்படத்தில் அது தெரியாது, விளையாட்டில் தெரியும். விற்பனையாளர் அமைப்பில் 'கேம் மோட்' என்பதைப் போட்டதும் மெருகேற்றும் வேலை குறைந்து, மட்டை பந்தோடு சேர்ந்தது. "அக்கா, இந்தக் கருவி 1080 வரிக்கு மேலே படம் தராது. 4கே இதுக்கு வீண்" என்றும் அவனே சொன்னான்.

அவன் விளையாடிக்கொண்டிருந்தபோதுதான் அப்பாயியின் கேள்வி என் நினைவுக்கு வந்தது. கட்டில் சுவரோரமாக இருக்கிறது. அவர்கள் பார்ப்பது நேரே அன்று, பக்கவாட்டில். நான் ஐந்தடி தள்ளி, திரைக்குப் பக்கவாட்டில் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தேன். சற்றுமுன் ஒளிர்ந்த 43 அங்குலம் வெளுத்துப்போயிருந்தது. கறுப்பு சாம்பலாகவும் முகங்கள் சுண்ணாம்பு பூசியவைபோலவும் தெரிந்தன. மங்கல் கண்ணோடு, தாம் கொடுத்த 3,000 ரூபாய்க்கு அப்பாயி காணப்போவது இதைத்தானா? என் பொய்யை மெய்யாக்குவதற்காக அவர்களை மூலைக்குத் தள்ளப் பார்த்தேனே என்று வெட்கமாக இருந்தது.

"அப்பா, 32 அங்குலம் பார்க்கலாம்" என்றேன். அப்பா வியப்போடு என்னைப் பார்த்தார்.

32 அங்குலப் பெட்டிகளில் பெரும்பாலானவை 1366 புள்ளி அகலமும் 768 புள்ளி உயரமும் கொண்டவை. 1920-க்கு 1080 உள்ளவை சிலவே. அவற்றில் ஏறத்தாழ இருமடங்கு புள்ளிகள். எங்கள் கூடத்தைப்போல ஐந்தடியில் அமர்ந்து பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. கடையில் அப்படிப்பட்டவை இரண்டு இருந்தன. 'வி.ஏ.' என்ற வகைத் திரையில் கறுப்பு நல்ல கறுப்பு; ஆனால் பக்கவாட்டில் வெளுத்தது. 'ஐ.பி.எஸ்.' என்ற மற்றொன்று பக்கத்திலிருந்து பார்த்தாலும் மாறவில்லை. ஆனால் கறுப்பு சற்றுச் சாம்பல். இருட்டான காட்சிகள் உள்ள விளையாட்டுக்கு முதலாவதே நல்லது. முடிவைத் தம்பியிடம் விட்டோம். அவன் இரண்டு பக்கமும் போய் நின்று பார்த்தான். "சாம்பலா இருந்தா எனக்குப் பரவாயில்லை. அப்பாயிக்குத் தெரியணும்ல" என்றான். ஏழாம் வகுப்புச் சிறுவனுக்கு இருந்த அறிவு எனக்கு இல்லாமற் போயிற்றே!

இரவு வேலை முடித்துப் பகலில் உறங்கும் அப்பாவுக்காக, காதுக்கருவி செருகும் துளை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம். 15,000 ரூபாய்க்குள் எல்லாம் முடிந்தது. பேருந்தில் அப்பாவிடம் வகுப்பில் நான் சொன்ன பொய்யைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நாளைக்கே அந்தப் பிள்ளைகிட்டே சொல்லிடும்மா" என்றார்.

அன்றிரவு கடைக்காரர் வைத்திருந்த கூச்சமூட்டும் வெளிச்சத்தைக் குறைத்து, திரைப்படத்துக்கு உரிய அமைப்பில் வைத்தோம். அம்மாவின் கைபேசியிலிருந்து இணையத்தை இணைத்து, அப்பாயிக்காகப் 'பாசமலர்' போட்டோம். 1961-இல் வந்த அந்தப் படம் அகலத்திரைக்கு எடுத்ததன்று. ஆகவே இருபுறமும் கறுப்புப் பட்டை தெரிந்தது. தம்பி திரை நிறையும்படி இழுத்துவிட்டான். "ஏண்டா, சாவித்திரி மூஞ்சியை இப்படி வீங்க வச்சிருக்கே?" என்று அப்பாயி அதட்டினார்கள். கண் தெரிகிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது! அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படம் இன்னும் சோகமான கட்டத்துக்கு வந்திருக்கவில்லை.

மறுநாள் தோழியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் கோபிப்பாள் என்று நினைத்தேன். "எங்க வீட்டில் 43 அங்குலம் இருக்கு. ஆனா ரிமோட் எப்பவும் அண்ணன் கையிலே" என்று சிரித்தாள். சொன்னபடி அரையாண்டு விடுமுறையில் வந்தாள். அப்பாயியின் கட்டிலிலேயே அவர்களோடு ஒட்டி அமர்ந்து ஒரு படம் முழுவதும் பார்த்துவிட்டுப் போனாள். எத்தனை அங்குலம் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

பிதாகரஸ் தேற்றத்தை வீட்டுச் சுவரில் போட்டுப் பார்த்த செய்தியைக் கேட்டு, எங்கள் கணித அருட்சகோதரி மகிழ்ந்து வகுப்பில் சொல்லச் சொன்னார்கள். சுவரை அளந்த கதையைச் சொன்னேன். பொய் சொன்ன கதையை இங்கே எழுதிவிட்டேன்.

அன்புத் தோழியரே! நீங்களும் தொலைக்காட்சி வாங்கப் போனால் முதலில் சுவரை அளந்துகொள்ளுங்கள். வீட்டில் யார் எங்கே அமர்ந்து பார்ப்பார்கள் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். கடையில் அந்த இடத்தில் போய் நின்று, ஒருமுறை தலையைச் சாய்த்துப் பாருங்கள்.