துருவத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

தூக்கம் வராத ராத்திரிகளில் நான் வரைபடம் மேய்கிற ஆள். நேற்று நார்வேயின் லாங்கியர்பியனுக்கும் அலாஸ்காவின் உட்கியாக்விக்குக்கும் கோடு போட்டுப் பார்த்தேன். வட துருவத்தை ஒட்டிப் போகிறது. சுமார் 3,400 கிலோமீட்டர். ஜெட்டுக்கு நாலரை மணி நேரம் தாராளம். ஆனால் நேரடி விமானம் கிடையாது. யார் ஏறுவார்கள்? ஆஸ்லோ, சியாட்டில், ஆங்கரேஜ் என்று சுற்றிப் போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

இத்தனைக்கும் 1926-லேயே துருவப் பயணி அமுண்ட்செனின் குழு ‘நோர்கே’ ஆகாயக் கப்பலில் லாங்கியர்பியன் இருக்கும் ஸ்வால்பார்டிலிருந்து துருவம் தாண்டி அலாஸ்காவில் இறங்கிவிட்டது. ஏறத்தாழ 72 மணி நேரம். வழியில் விசிறிகளில் உறைந்த பனி, துண்டுதுண்டாகத் தெறித்துக் கப்பலின் துணியையே கிழித்தது.

உட்கியாக்விக் விமான நிலையத்துக்கு விமானி வைலி போஸ்ட், நகைச்சுவைக் கலைஞர் வில் ராஜர்ஸ் இருவர் பெயர். 1935-இல் அந்த ஊருக்கு அருகில் விமானம் விழுந்து இறந்தவர்கள். பயந்த சுபாவக்காரர்கள் பெயர்ப்பலகையைப் படிக்காமல் ஏறுவது உத்தமம்.