அப்பத்தாவின் முதுகுச் சிங்கம்

அப்பத்தாவின் முதுகில் ஒரு சிங்கம் படுத்திருந்தது. செங்காவிச் சிங்கம். 1977 பங்குனி. வலது விலாவில் கங்கை அள்ளிக் கொட்டினாற்போல எரிகிறது என்று இரண்டு நாள் புலம்பினாள். மூன்றாம் நாள் முதுகுத்தண்டிலிருந்து நெஞ்சுவரைக்கும், பாதி ஒட்டியாணம் கட்டியதுபோலக் கொப்புளம் போட்டுவிட்டது. அக்கி. மேலத்தெருவில் வேளார் இருக்கும்போது அதற்கு ஆஸ்பத்திரி எதற்கு? அவர் கொட்டாங்கச்சியில் காவியைக் குழைத்து, கோழி இறகால் எழுதினார். வாலை மட்டும் மேலே சுழித்துவிட்டு, "இது அக்கியைத் தின்னுரும்டா" என்றார் என்னிடம்.

எனக்கு ஆறு வயது. தின்கிறதா என்று பார்ப்பதே அந்த வாரம் முழுக்க என் வேலை. மத்தியானம் அப்பத்தா கண்ணயரும்போது வாலிலிருந்து பிடரிவரை விரலால் தடவிப் பார்ப்பேன். சில இடத்தில் ஈரமாக ஒட்டும். அது காவி இல்லை, உடைந்த கொப்புளத்தின் நீர்.

இரண்டு வாரம் கழித்து எனக்குக் காய்ச்சல். சட்டையைக் கழற்றிய அம்மா, "ஆத்தா வந்துட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நிலைப்படியில் வேப்பிலை ஏறியது. தாளிப்பு நின்றது, அப்பாவின் சவரமும் நின்றது. நாட்டில் கடைசிப் பெரியம்மை 1975-லேயே முடிந்திருந்தாலும், அம்மை என்று கேள்விப்பட்டால் சுகாதார ஊழியர் சைக்கிளில் வந்துவிடுவார். அவர் என் முகத்தை விட்டுவிட்டு உள்ளங்கையையும் உள்ளங்காலையும்தான் உற்றுப் பார்த்தார். பெரியம்மை என்றால் அங்கேயும் முத்துப் போட்டிருக்கும். எனக்கோ வயிற்றிலும் முதுகிலும்தான் நெருக்கம். அதிலும் ஒன்று அரும்பும்போது இன்னொன்று பொருக்குத் தட்டியிருந்தது. "சின்னம்மைதான்" என்று மோர்கூட வாங்கிக் குடிக்காமல் போய்விட்டார்.

பிறகு விசாரணை. "யாருகூடடா வெளையாண்டே?" வகுப்பில் யாருக்கும் இல்லை, தெருவிலும் இல்லை. கடைசியில், பக்கத்து ஊர்த் திருவிழாவில் வாங்கிவந்தது என்று தீர்ப்பானது. தம்பியைப் பிரித்து மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரயோசனம் இல்லை. முத்துத் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே சின்னம்மை மூச்சுக்காற்றில் தொற்றத் தொடங்கிவிடும். அந்த நாட்களில் நாங்கள் ஒரே பாயில் கிடந்தோம். அவனுக்கும் வந்தது, மாமா வீட்டில் வைத்து.

என் பக்கத்தில் உட்கார அப்பத்தாவுக்கு மட்டும்தான் அனுமதி. அரிப்பு தாங்காமல் நான் துடிக்கும்போது வேப்பங்கொத்தால் வருடிக்கொண்டே சொல்வாள்: "எனக்குச் சின்னப்பிள்ளையிலேயே வார்த்தாச்சு. ஒரு தடவை வந்த ஒடம்புக்கு ஆத்தா மறுபடி வரமாட்டா."

பாதி சரி. முதல் தடவை வந்த கிருமியை அவள் உடம்பு மறக்கவில்லை. அடையாளம் தெரிந்த அணுக்கள் காவலுக்கு நின்றன. வெளியிலிருந்து அது மறுபடி நுழைந்தால் உடனே அமுக்கிவிடும். ஆனால் வந்தது முழுசாகப் போகவும் இல்லை. தோலில் ஆடி முடித்ததும் நரம்பு வழியே ஏறி, முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக்கொள்ளும். வயதாகிக் காவல் தளரும்போது, ஏதோ ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி தோலுக்கு இறங்கும். அக்கி அரை இடுப்போடு நின்றுவிடுவது அதனால்தான். அந்த நரம்பின் எல்லை அவ்வளவு. அந்தக் கொப்புள நீர் அம்மை வாராத பிள்ளைமேல் பட்டால் அக்கி வராது, சின்னம்மை வரும். இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்த ஹோப்-சிம்சன், தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளை வருஷக்கணக்காகக் குறித்துவைத்து, பதுங்கிக் கிடக்கும் பழைய அம்மைதான் அக்கியாகத் திரும்புகிறது என்று 1965-லேயே எழுதியிருந்தார். எங்கள் மேலத்தெருவுக்கு அந்தச் சேதி வரவில்லை.

எனக்கு அது கல்லூரியில்தான் தெரிந்தது. துப்புத் துலங்கிய மிதப்போடு லீவுக்கு ஊருக்குப் போனேன். திண்ணையில் அப்பத்தா யாரிடமோ என் அம்மைக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினோரு ராத்திரி பொட்டுக் கண் மூடவில்லையாம். கொத்துக் கொத்தாய் வேப்பிலை வாடிப்போனதாம். அந்தத் திருவிழாவுக்கு மட்டும் பிள்ளையை அனுப்பாமல் இருந்திருந்தால் என்று ஒரு பெருமூச்சு.

சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "அந்தச் சிங்கம் என்னாச்சு அப்பத்தா?" என்றேன்.

"எந்தச் சிங்கம்?" என்றவள், கொஞ்சம் யோசித்துவிட்டு விலாவைத் தடவிக்கொண்டாள். "அதான் தின்னுருச்சுல்ல."